மணிக்கட்டு உளையாமல் ஓட: மவுண்டன் பைக்கின் காற்று ஃபோர்க்கை உங்கள் நிறைக்குச் சரிப்படுத்துவது எப்படி

ஏழு மாதமாக என் சைக்கிளின் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து, அமுங்கி அதிர்வை வாங்கும் இரட்டைக் கால்) பழுது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியே காலிமுகத்திடல் வரை போய்த் திரும்பினால் போதும், இரண்டு மணிக்கட்டும் உளையும். மேன்ஹோல் மூடி, வேகத்தடை, நடைபாதை விளிம்பு எல்லாம் ஹேண்டில் வழியாக நேரே தோளுக்கு ஏறும். ஒரு கடையில் காட்டினேன். ஃபோர்க்கை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சுது அண்ணை, புதுசு போடுங்கோ" என்றார்கள். புதியதின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவிசாவளைப் பக்கம் றப்பர் தோட்டப் பாதையில் ஓடிவிட்டு இளநீர் குடிக்க நின்றோம். கூட வந்த தம்பி ஒருவன் என் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் இருந்த சின்ன றப்பர் வளையத்தைக் காட்டினான். "அண்ணை, 120 மில்லிமீற்றர் போகவேண்டிய ஃபோர்க் இது. இவ்வளவு கல்லுக்குள்ள ஓடியும் 45தான் போயிருக்கு. உங்களுக்கு வித்தவர் என்ன நிறை இருப்பார்?"

விற்றவர் ஆள் ஆஜானுபாகு. எப்படியும் 95 கிலோ. நான் 66. அவருக்காக அடித்த காற்று அப்படியே உள்ளே இருந்தது. காசு கொடுத்து வாங்கி ஏழு மாதமாகியும் அது அவருடைய ஃபோர்க்காகவே இருந்திருக்கிறது.

சுருள்வில் போட்ட ஃபோர்க் உங்கள் நிறைக்கு ஒத்துவராவிட்டால் சுருளையே மாற்றவேண்டும். காற்று ஃபோர்க்குக்கு ஒரு சின்னப் பம்ப் போதும். ஆனால் அந்தப் பம்ப்பை யாராவது கையில் எடுக்கவேண்டுமே! கீழே சொல்லும் வரிசையில் செய்தால் முதல் தடவைக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். அடுத்த தடவை கால் மணித்தியாலம்.

உங்களுடையது காற்று ஃபோர்க்தானா?

இதை முதலில் பாருங்கள். கொழும்பில் ஓடுகிற மலிவான மவுண்டன் பைக்குகள் பலவற்றில் இருப்பது சுருள்வில்தான். சன்டூர் எக்ஸ்.சி.டி., எக்ஸ்.சி.எம். போன்றவை அந்த வகை. ஃபோர்க்கின் இடது கால் உச்சியில் கூட்டல், கழித்தல் அடையாளத்துடன் திருகும் பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் அது சுருளின் தொடக்க இறுக்கத்தை மாற்றுவது. அங்கே காற்றுக்கு வேலை இல்லை. அதே இடத்தில் ஒரு மூடி இருந்து, அதைக் கழற்றினால் கார் டயரில் இருப்பது போன்ற வால்வு தெரிந்தால் உங்களுடையது காற்று ஃபோர்க். சன்டூர் எக்ஸ்.சி.ஆர். இரண்டு விதமாகவும் வருகிறது. ஆகவே பெயரை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள்.

பெரும்பாலான ஃபோர்க்குகளில் இடது காலுக்குள் காற்று, வலது காலுக்குள் எண்ணெய். காற்று உங்களைத் தாங்குகிறது. எண்ணெய் உள்ள பகுதியை டாம்பர் என்பார்கள். ஃபோர்க் எவ்வளவு வேகமாக அமுங்கவேண்டும், எவ்வளவு வேகமாக மேலே வரவேண்டும் என்பதை அது அடக்கி ஆளுகிறது. வலது காலின் உச்சியில் உள்ள குமிழ் அமுங்கும் வேகத்துக்கு. அதே காலின் அடியில் உள்ள குமிழ், அனேகமாகச் சிவப்பு நிறம், திரும்பி எழும் வேகத்துக்கு. முன்னதைக் கம்ப்ரெஷன் என்றும் பின்னதை ரீபவுண்ட் என்றும் கடைக்காரர்கள் சொல்வார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. காற்றுக் காலுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. மேல் அறை ஃபோர்க்கை வெளியே தள்ளும். கீழே உள்ள சின்ன அறை அதற்கு எதிராக உள்ளே இழுக்கும். கீழ் அறை இல்லையென்றால் சின்னக் கல்லுக்கெல்லாம் ஃபோர்க் அசையவே அசையாது. இப்போதைய ஃபோர்க்குகளில் நாம் மேலே அடிக்கிற காற்றே ஒரு சின்ன வழியால் கீழ் அறைக்கும் போய்ச் சமமாகிறது. பழைய ரொக்‌ஷொக்ஸ் நிறுவன ஃபோர்க்குகள் சிலவற்றில் காலின் அடியில் இரண்டாவது வால்வு ஒன்று இருக்கும். அப்படியானால் முதலில் மேலே நிரப்பி, பிறகு அதே அளவைக் கீழேயும் நிரப்பவேண்டும்.

காற்று ஃபோர்க் ஏதோ நேற்று வந்த நவநாகரிகம் என்று நினைக்கவேண்டாம். 1989இல் வந்த ரொக்‌ஷொக்ஸ் ஆர்.எஸ்.-1, மவுண்டன் பைக்குக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஃபோர்க்குகளில் ஒன்று. அதுவே காற்றும் எண்ணெயும் சேர்ந்ததுதான். அமுங்கும் தூரம் மட்டும் 50 மி.மீ. அளவில் இருந்தது.

என்ன வேண்டும்?

ஒரு ஷாக் பம்ப். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டயருக்கு அடிக்கும் பம்ப் ஒரு தள்ளுக்குப் பெருமளவு காற்றை அனுப்பும். ஃபோர்க்கின் அறையோ சின்னது. அதோடு, டயர் பம்ப்பின் தலையைக் கழற்றும்போது உள்ளே இருப்பதில் பாதி சீறிக்கொண்டு வெளியே போய்விடும். பெற்றோல் செட்டில் காற்று அடிக்கும் குழாயைக் கொண்டு முயன்றவரை எனக்குத் தெரியும். அவர் கதையை இங்கே விரிக்கவில்லை. அந்த வேலையைச் செய்யவேண்டாம். ஷாக் பம்ப் ஒரு தள்ளுக்குக் கொஞ்சமாகத்தான் காற்றைத் தரும். 300 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை போகும். வால்வில் திருகிப் பூட்டும் தலையும், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடும் பொத்தானும் இருக்கும். டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், தினமும் தேவைப்படும் பொருள் அல்ல.

மற்றபடி மில்லிமீற்றர் குறித்த அடிமட்டம், ஒரு துணி, ஒரு சின்னக் கொப்பி, உதவிக்கு ஒரு ஆள். மேல் குழாயில் றப்பர் வளையம் இல்லாவிட்டால் மெல்லிய கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளுங்கள். கையால் தள்ளினால் நகரவேண்டும், தானாக வழுக்கக்கூடாது. வேலை முடிந்ததும் வெட்டி எடுத்துவிடலாம்.

காற்றில் கை வைப்பதற்கு முன்

டயரைப் பாருங்கள். சாலையில் இலகுவாக ஓடவேண்டும் என்று மவுண்டன் பைக் டயருக்கு 50, 60 பி.எஸ்.ஐ. அடித்து வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். அப்படி இருந்தால் ஃபோர்க்கை என்ன செய்தாலும் சின்ன அதிர்வு போகாது. சின்ன அதிர்வை முதலில் வாங்கவேண்டியது டயர். அதைத் தாண்டி வருவதுதான் ஃபோர்க்கின் வேலை. 2.2 அங்குல டயர், உள்ளே டியூப், 65 – 70 கிலோ ஆள் என்றால் 28 முதல் 32 வரை வைத்துப் பாருங்கள். என் மணிக்கட்டு உளைவில் ஒரு பங்கு இதிலேயே குறைந்தது.

அடுத்து, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலின் கீழே 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் மூட்டு, தளர்ந்திருக்கிறது. அதை முதலில் இறுக்கவேண்டும். பிறகு மேல் குழாய்களை ஈரத்துணியால் துடைத்து, கம்ப்ரெஷன் குமிழை முழுவதுமாகத் திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பூட்டும் வசதி இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். பூட்டை மறந்துவிட்டு அரை மணித்தியாலம் காற்றோடு மல்லுக்கட்டியதும் நடந்திருக்கிறது, ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் படி: தொடக்க அளவு

உங்கள் நிறை என்றால் உடுத்திய உடுப்பு, சப்பாத்து, ஹெல்மெட், முதுகுப்பை, அதற்குள் இருக்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான். இரண்டு லீற்றர் தண்ணீரே இரண்டு கிலோ. பல ஃபோர்க்குகளில் இடது காலின் பின்புறத்தில் நிறைக்கு எத்தனை பி.எஸ்.ஐ. என்று அட்டவணை ஒட்டியிருக்கும். ஒட்டு உரிந்துபோயிருந்தால் மொடல் பெயரையும் ஆண்டையும் கொண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் தேடலாம். பக்கத்துச் சைக்கிள்காரரின் அளவைக் கேட்டு அடிக்கவேண்டாம். ஒரே நிறை உள்ளவருக்கே மொடலுக்கு மொடல் 20, 30 பி.எஸ்.ஐ. வித்தியாசப்படும். காலில் எழுதியிருக்கும் உச்ச அளவை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக்கூடாது.

மூடியைக் கழற்றி, பம்ப்பின் தலையை முள் அசையும்வரை கையால் திருகிப் பூட்டுங்கள். அட்டவணை சொல்லும் அளவுக்கு ஒரே மூச்சில் அடித்துவிடாதீர்கள். 20 பி.எஸ்.ஐ. ஏறியதும் நிறுத்தி, பம்ப் பூட்டியபடியே ஃபோர்க்கை மெதுவாகப் பத்துத் தடவை, அமுங்கும் தூரத்தில் கால்வாசிக்கு மேல் அமுக்கி எடுங்கள். முள் கீழே இறங்குவதைக் காண்பீர்கள். பயப்படவேண்டாம், காற்று எங்கும் ஒழுகவில்லை, கீழ் அறைக்குப் போகிறது. மறுபடி 20, மறுபடி பத்துத் தடவை. இதைச் செய்யாமல் விட்டால் மேல் அறையில் மட்டும் காற்று நிறைந்து, எடுத்த எடுப்பில் ஃபோர்க் கல்லாக இருக்கும். காற்றைக் குறைக்கும்போதும் இதே முறைதான்: கொஞ்சம் விட்டு, அமுக்கி, மறுபடி கொஞ்சம் விடவேண்டும்.

பம்ப்பைக் கழற்றும்போது 'ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அது பம்ப்பின் குழாய்க்குள் இருந்த காற்று. ஃபோர்க்கினுடையது அல்ல. ஆனால் திரும்பப் பூட்டும்போது ஃபோர்க்கின் காற்றில் கொஞ்சம் பம்ப்பின் குழாயை நிரப்பப் போகும், ஆகவே முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நேற்று 72 அடித்தேன், இன்று 66 காட்டுகிறது, காற்று இறங்கிவிட்டது என்று அடித்துக்கொண்டே போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, இரண்டு பம்ப்புகள் ஒரே எண்ணைக் காட்டுவது அருமை. எப்போதும் ஒரே பம்ப்பைப் பயன்படுத்தினால் அது காட்டுவது பிழையாக இருந்தாலும் ஒரே மாதிரிப் பிழையாக இருக்கும், அது போதும்.

இரண்டாம் படி: அமிழ்வை அளப்பது

நீங்கள் ஏறி அசையாமல் நின்றால் உங்கள் பாரத்தால் ஃபோர்க் எவ்வளவு உள்ளே போகிறதோ அதுதான் அமிழ்வு. கடைகளில் 'சேக்' என்பார்கள். இது ஏன் வேண்டும் என்பதற்குக் காலி வீதிப் பள்ளம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே போகவேண்டும், சரி. பள்ளத்தில் இறங்கும்போது கீழேயும் போகவேண்டுமே! ஃபோர்க் முழு நீளத்தில் விறைத்து நின்றால் கீழே போக இடமில்லை. சக்கரம் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பள்ளத்தின் அடுத்த விளிம்பில் போய் மோதும். என் தோளுக்கு ஏறியது அந்த மோதல்தான்.

சாலையும் லேசான மண்பாதையும் என்றால் மொத்த ட்ராவலில் (ஃபோர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரத்தில்) 15 சதவீதம், கல்லும் வேரும் உள்ள பாதை என்றால் 20, செங்குத்தான இறக்கம் என்றால் 25 வரை போகலாம். 120 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீதம் 24 மி.மீ. இங்கே ஒரு தவறு நடக்கும்: வெளியே தெரிகிற குழாயின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து அதை ட்ராவல் என்று எடுத்துக்கொள்வது. தெரிகிற குழாய் ட்ராவலைவிட நீளமாக இருக்கலாம். தயாரிப்பாளர் சொல்லும் எண்ணை எடுங்கள். ரொக்‌ஷொக்ஸ் பலவற்றில் குழாயிலேயே 10, 20, 30 என்று சதவீதக் கோடுகள் அச்சிட்டிருக்கும். அடிமட்டமே தேவையில்லை.

அளக்கும்போது சீட்டில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் பாரம் பின்னுக்குப் போய்விடும். வளையத்தை, மேல் குழாய் நுழையும் கீழ்க்காலின் வாயிலுள்ள றப்பர் சீல் வரை தள்ளிவிடுங்கள். உதவிக்கு வந்தவர் பின்சக்கரத்தைத் தொடைகளுக்கு இடையில் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் கொஞ்சம் மடிய, இறக்கத்தில் ஓடும்போது எப்படி நிற்பீர்களோ அப்படி நில்லுங்கள். பாரம் கால்களில் இருக்கட்டும், ஹேண்டிலில் சாய்ந்து தொங்கவேண்டாம். பிரேக்கைத் தொடவேண்டாம். நின்றபடியே மூன்று நான்கு தடவை லேசாகக் குதித்து, அசைவு அடங்கியதும் வளையத்தை மறுபடி சீல் வரை தள்ளவேண்டும். கைக்கு எட்டினால் நீங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர். பிறகு ஃபோர்க்கை மேலும் அமுக்காமல் மெல்லப் பின்பக்கமாக இறங்குங்கள். சீலுக்கும் வளையத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான் உங்கள் அமிழ்வு. தனியாள் என்றால் ஒரு முழங்கையைச் சுவரில் லேசாக ஊன்றிக்கொண்டு செய்யலாம், கொஞ்சம் முன்பின்னாக வரும்.

மூன்று தடவை அளந்து பாருங்கள். 22, 25, 24 என்று வந்தால் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிழ்வு கூடுதல் என்றால் 5 பி.எஸ்.ஐ. கூட்டி, குறைவு என்றால் 5 குறைத்து, பத்துத் தடவை அமுக்கிவிட்டு மறுபடி அளக்கவேண்டும். எனக்கு முதலில் பம்ப் 125 காட்டியது, அமிழ்வு வெறும் 9 மி.மீ. 72இல்தான் 24 வந்தது. இந்த எண்ணைப் பார்த்து உங்கள் ஃபோர்க்குக்கு அடித்துவிடாதீர்கள், என் ஃபோர்க்கின் கதை அது.

மூன்றாம் படி: ரீபவுண்ட்

காற்றைச் சரியாக அடித்துவிட்டு "இப்பவும் முரடாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அமுங்கிய ஃபோர்க்கைக் காற்று மேலே தள்ளும். அதைத் தடுக்க ஆளில்லாவிட்டால் ஃபோர்க் பந்து மாதிரி எழும்பும். ஹேண்டில் கையை உதைக்கும், வளைவில் முன்சக்கரம் நிலத்தைப் பிடிக்காமல் துள்ளும். இதை எல்லோரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கக் கடினமானது இதற்கு எதிரான பிழை. ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் முதல் கல்லில் அமுங்கிய ஃபோர்க் மேலே வந்து சேருவதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும். மூன்றாவது, நான்காவது என்று போகப் போக அது கீழேயே தங்கிவிடும். கீழே போகப் போகக் காற்று இறுகும். அந்த இறுக்கத்தோடு ஐந்தாவது கல்லில் மோதும்போது உங்கள் கைக்குத் தெரிவது 'ஃபோர்க் இறுக்கம்' என்பது மட்டும்தான். உடனே பம்ப்பை எடுத்துக் காற்றைக் குறைப்பீர்கள். குறைத்தால் இன்னும் கீழே போய்த் தங்கும், இன்னும் முரடாக இருக்கும். நான் இந்தச் சுற்றில் இரண்டு வாரம் சுற்றினேன்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: ஒரே ஒரு வேகத்தடையில் ஃபோர்க் நன்றாக வேலை செய்து, கல் பதித்த நீளமான பாதையிலோ வேர் நிறைந்த இடத்திலோ போகப் போக முரடானால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. முதல் மோதலிலேயே முரடு என்றால் காற்று கூடுதல், அல்லது கம்ப்ரெஷன் கூடுதல்.

குமிழை வலப்பக்கமாகத் திருப்பினால் மெதுவாகும், இடப்பக்கம் திருப்பினால் வேகமாகும். சில குமிழ்களில் ஆமையும் முயலும் வரைந்திருக்கும். வலப்பக்கம் நிற்கும்வரை மென்மையாகத் திருப்பி (நின்ற பிறகும் முறுக்கவேண்டாம்), அங்கிருந்து இடப்பக்கம் 'கிளிக்'குகளை எண்ணுங்கள். சிலவற்றில் பத்து இருக்கும், சிலவற்றில் இருபது. நடுவில் நிறுத்தி அங்கிருந்து தொடங்கலாம். எந்தக் குறிப்பிலும் 'முழுவதும் மூடியதிலிருந்து இத்தனை கிளிக்' என்று எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வராது.

சோதனைக்கு நடைபாதை விளிம்பு போதும். ஆளில்லாத ஒழுங்கையில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, சீட்டில் உட்கார்ந்தபடி விளிம்பிலிருந்து கீழே இறங்குங்கள். ஃபோர்க் அமுங்கி, ஒரு தடவை மேலே வந்து, அங்கேயே அடங்கவேண்டும். மேலே வந்த பிறகும் ஒருமுறை ஆடினால் வேகம் கூடுதல், இரண்டு கிளிக் மூடுங்கள். சோம்பலாக ஊர்ந்து வந்தால் இரண்டு கிளிக் திறவுங்கள். இதற்குப் பிறகு கல் பாதையில் ஓடிப் பார்த்து ஒவ்வொரு கிளிக்காக மாற்றலாம். சந்தேகமாக இருந்தால் நான் வேகமான பக்கமே சாய்வேன். துள்ளல் எரிச்சலூட்டும், ஆனால் கீழே தங்கிவிட்ட ஃபோர்க் இறக்கத்தில் உங்களை முன்னால் சாய்த்துவிடும்.

காற்றை மாற்றினால் ரீபவுண்டையும் மறுபடி பார்க்கவேண்டும். காற்று கூடினால் தள்ளும் விசையும் கூடும், அதற்கேற்ற அடக்குமுறை வேண்டும். அதனால்தான் பாரமானவர்களுக்கு ரீபவுண்ட் குமிழ் கூடுதலாக மூடியிருக்கும், மெலிந்தவர்களுக்குத் திறந்திருக்கும்.

நான்காம் படி: கம்ப்ரெஷன்

முழுவதும் திறந்து வைத்து ஓடத் தொடங்குங்கள். முன் பிரேக் பிடிக்கும்போது மூக்குக் குத்துவது போலச் சைக்கிள் முன்னால் சாய்ந்தால், அல்லது நின்று மிதிக்கும்போது ஃபோர்க் தலையாட்டினால், ஒவ்வொரு கிளிக்காக மூடுங்கள். கையில் மறுபடி அதிர்வு தெரியத் தொடங்கினால் ஒரு கிளிக் பின்னுக்கு வந்துவிடுங்கள். அவ்வளவுதான். விலை கூடிய ஃபோர்க்குகளில் மெதுவான அசைவுக்கு ஒன்றும் வேகமான மோதலுக்கு ஒன்றுமாக இரண்டு குமிழ்கள் இருக்கும். நான் சொன்னது மெதுவான அசைவுக்கானது. மற்றதை முதல் மாதம் தொடவேண்டாம். மூன்றே நிலைகள் கொண்ட நெம்புகோல் என்றால், காலி வீதியில் ஏறி இறங்காமல் ஓடும்போது நடு நிலை, மண்ணில் திறந்த நிலை.

ஐந்தாம் படி: ஓடிப் பார்ப்பது

ஒரே பாதையை மூன்று நான்கு தடவை ஓடவேண்டும். பத்து நிமிடத்துக்குள் முடிகிற, ஒரு விளிம்பும் ஒரு இன்டர்லொக் கல் பகுதியும் ஒரு இறக்கமும் உள்ள பாதை கிடைத்தால் நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காற்றையும் ரீபவுண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு "இப்ப நல்லா இருக்கு" என்றால் எதனால் நல்லது என்று கடைசிவரை தெரியாது. கொப்பி இதற்குத்தான். என் கொப்பியில் இருப்பதெல்லாம் '72, 11, 2, கை பரவாயில்லை, வளைவில் துள்ளல்' மாதிரியான வரிகள் (காற்று, ரீபவுண்ட் கிளிக், கம்ப்ரெஷன் கிளிக் என்ற வரிசையில்).

நகரத்துக்குள் ஓடி முழு ட்ராவலும் போகவில்லை என்று கவலைப்படவேண்டாம், கொழும்பில் அதற்கு இடமில்லை. உண்மையான பரீட்சை மண்பாதையில்தான். தொடங்குமுன் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, அன்றைய மிக மோசமான இடத்தைத் தாண்டியதும் இறங்கிப் பாருங்கள். அந்த ஒரு இடத்தில் கடைசி 10 மி.மீ. அளவுக்கு மட்டும் மிஞ்சியிருந்தால், அல்லது முழுவதும் ஒரு தடவை போயிருந்தால், சரியாக இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்' என்று அடியில் இடித்தால் காற்று போதாது, அல்லது அடுத்ததாகச் சொல்லும் டோக்கன் வேண்டும்.

டோக்கன்

அமிழ்வு சரி, சின்னக் கல்லுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய மோதலில் அடியில் இடிக்கிறது. இந்த நிலையில் காற்றைக் கூட்டினால் சின்னக் கல் கெட்டுப்போகும். அப்போது மேல் அறைக்குள் டோக்கன் எனப்படும் ஒரு பிளாஸ்டிக் துண்டு போட்டு அறையைச் சிறிதாக்குவார்கள். அறை சிறியதானால் ஃபோர்க் ஆழமாகப் போகும்போது காற்று விரைவாக இறுகும், தொடக்கத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ரொக்‌ஷொக்ஸ், ஃபொக்ஸ் இரண்டிலும் இந்த வசதி உண்டு, ஒன்றினது மற்றதற்குப் பொருந்தாது. மறுபக்கம், அமிழ்வு சரியாக இருந்தும் 30 மி.மீ. எப்போதும் மிஞ்சுகிறது என்றால் உள்ளே இருக்கும் டோக்கனில் ஒன்றை எடுக்கவேண்டும்.

மேல் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் காற்றை முழுவதும் விட்டுவிடவேண்டும். வால்வை அழுத்தி, ஃபோர்க்கை அமுக்கி எடுத்து, மறுபடி அழுத்திச் சத்தமே வராத வரை. காற்றோடு திருகினால் மூடி முகத்துக்குப் பறந்து வரும். திரும்பப் பூட்டும்போது கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்குத்தான் பூட்டவேண்டும். அதற்கான கருவி இல்லாவிட்டால் கடையில் கொடுத்துச் செய்வதே நல்லது, மூடியின் புரி நசிந்தால் செலவு பெரிது.

நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால்

கொழும்பில் 30 பாகையில் 80 பி.எஸ்.ஐ. அடித்த ஃபோர்க்கை 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்கு, 15 பாகைக் குளிருக்குக் கொண்டுபோகிறோம் என்று வைத்துக்கொள்வோம். குளிரால் உள்ளே உள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 5 பி.எஸ்.ஐ. குறையும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய 3 குறைவு. பம்ப் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. கழித்துப் பார்த்தால் 78 அளவில் வந்து நிற்கும். 'மலைக்குப் போனால் காற்றைக் கூட்டு' என்று ஒருவரும் 'குறை' என்று இன்னொருவரும் சொல்வார்கள். அங்கே போய் ஒரு தடவை அமிழ்வை அளந்தால் விவாதம் முடிந்தது.

உயரத்தில் கையில் தெரிகிற தொல்லை வேறொன்று. கீழ்க்கால்களுக்குள்ளும் கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கிறது, கொழும்பின் கடல்மட்டக் காற்று. மேலே போனதும் அது விரிந்து ஃபோர்க்கை வெளியே தள்ளப் பார்க்கும், தொடக்க அசைவு முரடாகும். சில புதிய ஃபோர்க்குகளில் இதை வெளியேற்றக் காலின் பின்புறத்தில் சின்னப் பொத்தான் அல்லது திருகாணி இருக்கும், ஒரு அமுக்கோடு சரியாகிவிடும். இல்லாத ஃபோர்க்கில் மெல்லிய கேபிள் டையைச் சீலுக்குள் நுழைத்துக் காற்றை எடுப்பவர்கள் உண்டு. சீல் கிழியும் என்ற பயத்தால் நான் அதைச் செய்வதில்லை. இரண்டு நாள் ஓட்டத்துக்கு அந்த முரட்டுத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கடல் காற்றும் மழையும்

மரைன் டிரைவில் நிறுத்திய காரின் கண்ணாடியைக் கையால் தடவிப் பாருங்கள், உப்புப் படலம் ஒட்டும். அதேதான் ஃபோர்க் குழாயிலும் படிகிறது. ஓடிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் குழாயையும் சீலின் விளிம்பையும் துடைத்துக் காயவிடுங்கள். சர்விஸ் நிலையங்களில் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் அழுத்தத் தண்ணீரைச் சீலுக்குக் காட்டவேண்டாம், தண்ணீரும் மணலும் உள்ளே போய்விடும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் குழாயில் அடிக்கிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது அங்கே இருக்கும் நல்ல கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். குழாயின் பூச்சில் கீறல் விழுந்து நகத்தில் தட்டினால் சீல் விரைவில் போகும், அதைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கீழ்க்கால்களைக் கழற்றித் துப்புரவாக்கி எண்ணெய் மாற்றும் வேலைக்கு ரொக்‌ஷொக்ஸ் 50 மணித்தியால ஓட்டம் என்று சொல்கிறது, ஃபொக்ஸ் 125 மணித்தியாலம் அல்லது ஒரு வருடம் என்கிறது. மே, ஜூன் மழையில் சேற்றுக்குள் ஓடுபவர் அதற்கு முன்பே செய்வது நல்லது. ஊற்றுவது ஃபோர்க்குக்கான எண்ணெய்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு இரவில் காற்று இறங்கிவிட்டால் முதலில் வால்வின் உள்ளே இருக்கும் சின்ன ஊசிப் பகுதியை (வால்வ் கோர்) இறுக்கிப் பாருங்கள். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இதைவிட விநோதமான பழுது ஒன்று உண்டு: காற்று இருக்கிறது, ஆனால் ஃபோர்க் தானாகவே 20, 30 மி.மீ. உள்ளே இழுபட்டு நிற்கும், கையால் இழுத்தாலும் முழு நீளத்துக்கு வராது. மேல் அறையின் காற்று கீழ் அறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. காற்றை மெதுவாக முழுவதும் விட்டு, ஃபோர்க்கை முழு நீளத்துக்கு இழுத்து, மறுபடி படிப்படியாக நிரப்பிப் பாருங்கள். ஒரு வாரத்தில் திரும்ப அப்படியே ஆனால் உள்ளே இருக்கும் பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கிறது. கடைக்குப் போகும்போது ஃபோர்க்கின் மொடல், ஆண்டு, ட்ராவல், கீழ்க்காலின் பின்புறத்திலோ இரண்டு காலையும் மேலே இணைக்கும் கிரீடத்தின் அடியிலோ பொறித்திருக்கும் தொடர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வருகிற ஃபோர்க்குகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு சீல் செட் மாறும்.